பாத்திரக் கணக்கு

ரங்கூனிலிருந்து பணம் அனுப்புகிறவர் கேட்டது நியாயம்தான்:
பெயர், வயது, அட்டை எண், இடது பெருவிரல் ரேகை.
பணம் யாருடையதோ அவர் கேட்கலாம்.

நான் மோல்மேனில் பாத்திரக் கடைக் கணக்குப்பிள்ளை.
ஞாயிறு மட்டும் லீவு.
அந்த ஞாயிறைக் கொண்டுபோய்
அத்தரான் ஆற்றுக்கு அக்கரையில்
பொங்கி மடத்துத் தகரக் கொட்டகையில் கொடுத்துவருகிறேன்,
உசேன் கனியின் மூன்றுசக்கர வண்டியில்
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து.

முதல் ஞாயிறு, வரிசையில் முதலாவதாக ஒரு பெண்.
பெயர் என்ன என்றேன், பர்மியில்.
அவள் என் பேனாவைப் பார்த்தாள்.
பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமலே
பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.
அடுத்து நின்றவள் விலகிப் போனாள்.
அப்புறம் ஒரு கிழவர்.
அப்புறம் வரிசையே இல்லை.
கொட்டகை வாசலில் மழை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

செயாமா டின் வே, எங்களோடு பருப்பு கிண்டுகிறவர்,
கரண்டியும் கையுமாக வந்து காதில் சொன்னார்:
"அவங்க ஊர்ல ஒரு தடவை பட்டியல் எழுதினாங்க.
பட்டியல்ல இருந்த வீடு மட்டும் எரிஞ்சுது."
மேலே ஒன்றும் சொல்லவில்லை.
அடிப்பிடிக்கும் என்று ஓடிவிட்டார்.

அன்றிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.
கோயில் வகுப்பில் படித்த தமிழ்.
எந்த ர, எந்த ற?
தகராறு என்று எழுதுவதே எனக்குத் தகராறு.
பெயர் கேட்பதில்லை.
கையில் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்களோ அது.

நீலக் குடை: நாலு பேர்.
மூக்குடைந்த கெட்டில்: ஆறு.
தையல் மிஷின், தலை மட்டும்: மூன்று.
சேவல்: ஒருவர். (சேவலுக்கும் ஒரு பிடி.)
வெறுங்கை: இரண்டு.

அடுத்த வாரம் வெறுங்கை மட்டும் பதினேழு.
ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்தறிய
படாத பாடு பட்டேன்.
வெறுங்கை, இருமல்.
வெறுங்கை, மச்சம்.
வெறுங்கை, சும்மா சிரிப்பவர்.

ஆடி மழையில் பாலத்துச் சாவடியில் மறித்தார்கள்.
பையனுக்கு இருபது இருக்கும்,
துப்பாக்கி அவனைவிட மூத்தது.
நோட்டைத் தலைகீழாகப் பிடித்தான், திருப்பினான்,
எது நேர் என்று என் முகத்தில் தேடினான்.
என்ன இது?
குடை, கெட்டில், தையல் மிஷின்.
யாருக்கு?
கடன்கணக்கு, என்றேன்.
பொய் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்,
யார் யாருக்குக் கடன் என்பதைத் தவிர.
கனி ஹேண்டிலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.
கடைச் சீட்டை நீட்டினேன்.
பையன் அதை வாசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி,
அம்மாவுக்கு ஒரு சோற்றுப் பானை என்ன விலை ஆகும் என்றான்.
சொன்னேன்.
கடை விலையில் ஆயிரம் குறைத்து.

ரங்கூன்காரர் கடைசியில் கேட்டே விட்டார்:
"இது என்ன, பாத்திரக் கணக்கா?"
ஒரு மாதம் பணம் வரவில்லை.
சிங்கமுத்து தன் சீட்டுப் பணத்தை எடுத்துவந்து
எண்ணாமல் வைத்தார்,
எண்ணினால் மனசு மாறிவிடுமாம்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு
கெட்டில்காரி என் முன்னால் வந்து நின்றாள்.
என்னை என்னவென்று எழுதியிருக்கிறாய்?
வரியில் விரல் வைத்துப் படித்துக்காட்டினேன்.
முகம் சுளித்தாள்.
"கொண்டுவரும்போது நல்லாத்தான் இருந்தது.
மூக்கு இங்கே வந்துதான் உடைஞ்சுது. மாத்து."
அடித்துவிட்டு எழுதினேன்:
நல்ல கெட்டில்: ஆறு.

அவள் கையை விரித்துக் காட்டினாள்.
ஐந்து விரல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
தலையைக் குனிந்துகொண்டு
ஆறு பேருக்கும் அளந்து போட்டேன்.
அவள் தன் பைக்குள் கைவிட்டு
ஒருவர் பங்கை அள்ளி
திரும்ப மூட்டையில் கொட்டினாள்,
ஒரு மணி கீழே சிந்தாமல்.